குண்டுவின் கன்னம்

ஞாயிற்றுக்கிழமை காலை, காபி டம்ளரும் கையுமாக ஹாலுக்கு வந்த சுந்தரராமன், குண்டுவின் கன்னத்தில் கறுப்பாக ஒரு புள்ளியைப் பார்த்தார். அதற்கப்புறம் காபி டம்ளரிலேயே ஆறிப் போயிற்று.

குண்டு குழந்தை அல்ல. ஃப்ரசெத்தி என்கிற இத்தாலியச் சிற்பி செதுக்கிய சலவைக்கல் சிற்பம். அதற்கு மூக்கு, முழி, கை, கால் எதுவும் கிடையாது. ஆறு மாதக் குழந்தையைப் போர்வைக்குள் சுருட்டி உட்கார வைத்த மாதிரி, வெள்ளை வெளேரென்று ஒரு வழவழப்பு. அவ்வளவுதான். ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் முதுகு போல இருக்கும். சுற்றி வந்து பார்த்தால் கன்னம் போல இருக்கும். பார்த்துக்கொண்டே இருந்தால் இரண்டும் இல்லாமல் போய், பார்க்கிறவருக்குக் கண்ணைச் சொருகும். அடியிலிருந்த பித்தளைத் தகட்டில் 'பெயரிடப்படாதது' என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தது.

"பேர் வைக்கப் பதினோராம் நாள் ஆகணுமே. அதுக்குள்ள வந்து எடுத்துண்டு போயிடுவா. இருக்கறவரைக்கும் குண்டுன்னு கூப்பிட்டுக்கலாம்" என்று வந்த அன்றைக்கே சொல்லிவிட்டாள் ஷ்யாமளா.

டெக்சஸில் இர்விங் என்ற ஊரில், இரண்டாம் மாடி அபார்ட்மென்ட் ஒன்றில், இத்தாலியச் சிற்பத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சுந்தரராமன், ஹாலோவே என்ற கட்டட முதலாளியிடம் ஏ.ஸி. என்ஜினீயர். லாஸ் கொலினாஸ் என்ற பகுதியில் ஹாலோவே கட்டிக்கொண்டிருந்த கண்ணாடி டவரின் லாபிக்காக வாங்கிய சிற்பம் அது. சிற்பம் வந்துவிட்டது, லாபிதான் வரவில்லை. ஒரே சிமென்ட் தூசி. திறப்பு விழாவுக்குச் சிற்பியையே கையோடு அழைத்து வருகிறேன் என்று இத்தாலிக்குக் கிளம்பிய ஹாலோவே, போகிற அவசரத்தில் சுந்தரராமனைக் கூப்பிட்டார்.

"சுந்தர், என் வீட்டில் மூன்று நாய்கள். என் மகன் வீட்டில் பிள்ளைப் பட்டாளம். ஆபீஸில் மற்றவர்கள் எல்லாரும் சனிக்கிழமையானால் பார்ட்டி வைக்கிறவர்கள். யோசித்துப் பார்த்தேன். உன் வீட்டில்தான் எதுவுமே இல்லை. ஒரு வாரம் பத்திரமாக வைத்துக்கொள். திரும்பி வந்ததும் உன் க்ரீன் கார்டுக்கு ஸ்பான்ஸர் பண்ணுகிற விஷயத்தைக் கவனிக்கிறேன்."

எதுவுமே இல்லை என்று அவர் பாராட்டாகத்தான் சொன்னார். சுந்தரராமனுக்கு அது எங்கேயோ போய்த் தைத்தது. ஆனாலும் க்ரீன் கார்டு என்ற வார்த்தை காதில் விழுந்ததும் தைத்த இடம் மரத்துப் போயிற்று. மூன்று பேர் சேர்ந்து தூக்கி வந்து, சக்கரம் வைத்த பலகையோடு ஹாலில் இறக்கிவிட்டுப் போனார்கள்.

இப்போது அதன் கன்னத்தில் புள்ளி. மிளகளவு. நல்ல கறுப்பு.

யார் வைத்தது என்று சுந்தரராமன் யோசிக்கவே இல்லை. ஷ்யாமளாவிடம் ஒரு வெள்ளி மைச்சிமிழ் உண்டு. விளக்குக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து மயிலாப்பூரில் அவள் அம்மா பண்ணிக் கொடுத்தது. யாராவது எதையாவது 'அழகா இருக்கே' என்று சொல்லிவிட்டால் போதும். ஷ்யாமளாவின் மோதிர விரல் சிமிழுக்குள் போய்விடும். கார் வாங்கியபோது டாஷ்போர்டில் ஒரு புள்ளி. கலர் டிவிக்கு ஒரு புள்ளி. மைக்ரோவேவ் கதவில் வைத்தது இன்றைக்கும் போகவில்லை.

வீட்டுச் சாமானோடு நின்றிருந்தால் பரவாயில்லை. போன வருஷம் கம்பெனி பிக்னிக்கில், ரோஜாப்பூவாக இருந்த ஹாலோவேயின் பேத்தியை எல்லாரும் மாற்றி மாற்றிக் கொஞ்சினார்கள். ஷ்யாமளாவுக்கு மனசு கேட்கவில்லை. யாரும் பார்க்காதபோது கன்னத்தில் ஒன்று வைத்துவிட்டாள். டெக்சஸ் புல்வெளியில் உண்ணி ஜாஸ்தி. குழந்தையின் அம்மா அதை உண்ணி என்று நினைத்து அலறி, பத்துப் பேர் கூடி, கடைசியில் ஆஸ்பத்திரி எமர்ஜென்ஸி வரைக்கும் போய்விட்டது.

அன்றைக்குத் திரும்பி வரும்போது காரில் சண்டை. "குழந்தை பெத்துக்காதவளுக்கு என்ன தெரியும்னுதானே சொல்ல வரேள்?" என்று கேட்டுவிட்டு ஷ்யாமளா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சத்தியமாக அவர் அதைச் சொல்ல வரவில்லை. ஆனால் ஃப்ரீவேயில் ஓட்டிக்கொண்டு சத்தியம் பண்ண முடியவில்லை. ஒரு வாரம் வீட்டில் பேச்சு வார்த்தை கிடையாது. அப்புறம் சமாதானம் ஆனபோது ஓர் ஒப்பந்தம். அடுத்தவர்கள் பொருளில் அவள் மை வைக்க மாட்டாள். மை என்ற வார்த்தையை அவர் வாயால் எடுக்க மாட்டார்.

ஆகவே இப்போது கேட்கவும் வழியில்லை. ஆனால் விஷயம் வெட்டவெளிச்சம். நேற்று ராத்திரி சாப்பிட வந்த ருக்மிணி, "அய்யோ, வெண்ணெய் மாதிரின்னா இருக்கு! கண்ணை எடுக்கவே முடியலையே!" என்று வாய் விட்டுச் சொன்னாள். அவள் கணவர் ராமசுப்ரமணியன், விலை எங்கேயாவது ஒட்டியிருக்கிறதா என்று பலகையோடு குண்டுவைச் சுற்றித் திருப்பிப் பார்த்தார். பத்தாததற்கு, பூஜை அலமாரியில் மைச்சிமிழ் மூடாமல் கிடந்தது.

இட்லி சாப்பிடும்போது சுந்தரராமன் மெல்ல நூல் விட்டுப் பார்த்தார். "ருக்மிணி கண்ணு ஒரு மாதிரின்னு நீயே சொல்லுவியே. குண்டுவை வேற அப்படிப் புகழ்ந்துட்டா..."

"அவ கண்ணு குண்டுவை ஒண்ணும் பண்ணாது. அதுக்கு வேண்டியது இருக்கு" என்றாள் ஷ்யாமளா நிம்மதியாக. "இன்னும் ரெண்டு இட்லி வைக்கட்டுமா?"

இதற்கு மேல் வாக்குமூலம் என்ன வேண்டும்?

அவள் குளிக்கப் போன சமயம் பார்த்து, சுந்தரராமன் கைக்குட்டையை நனைத்துத் துடைத்தார். போகவில்லை. கொஞ்சம் அழுத்தித் தேய்த்தார். அசையவில்லை. மையை எடுக்க எண்ணெய்தான் வேண்டும். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் ராத்திரி ராத்திரி அவள் கண்ணிலிருந்து மையை எடுப்பதைப் பார்க்காதவரா? பாத்ரூமிலிருந்து பாட்டுச் சத்தம் வருவதை உறுதி பண்ணிக்கொண்டு, தேங்காயெண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி, குண்டுவின் கன்னத்தில் தடவ ஆரம்பித்தார்.

அங்கேதான் அவருக்கு நேரம் போனது தெரியவில்லை. ஜன்னல் திரையின் இடுக்கு வழியாக வெயில் கோடு கோடாக விழுந்துகொண்டிருந்தது. ஏ.ஸி. ஒரே சுருதியில் முனகியது. கல் முதலில் ஜில்லென்று இருந்தது. தடவத் தடவ அவருடைய கைச்சூடு ஏறி, அது திருப்பிக் கொடுக்கிற சூடு மாதிரி தோன்றியது. கன்னத்திலிருந்து கழுத்து, கழுத்திலிருந்து முதுகு என்று உள்ளங்கை தானாகவே வழி கண்டுபிடித்துப் போயிற்று. மூச்சு விடுகிறதோ என்றுகூடச் சந்தேகம் வந்தது. ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அது தாலாட்டு என்பது அவருக்கே தெரியாது.

நிமிர்ந்து பார்த்தபோது, தலையில் துண்டோடு ஷ்யாமளா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் கோபம் இல்லை. சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

'கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள். சிரிப்பைப் பார்' என்று நினைத்துக்கொண்டார் சுந்தரராமன்.

புள்ளி போகவில்லை. கல் எண்ணெயைக் குடித்துவிட்டது. புள்ளியைச் சுற்றி ஓர் அப்பளம் அகலத்துக்கு மங்கலாக ஓர் ஈர வட்டம். முன்பு புள்ளி மட்டும் இருந்தது. இப்போது வட்டத்துக்கு நடுவில் புள்ளி. குண்டு அவரை ஒற்றைக் கண்ணால் பார்க்க ஆரம்பித்துவிட்டது.

ஷ்யாமளாவுக்கு ஊர் லைப்ரரியில் பகல் நேர வேலை. திங்கட்கிழமை லஞ்ச் நேரத்தில் சுந்தரராமன் வீட்டுக்கு வந்தார். எண்ணெய் போக என்ன வழி? நமக்குத் தெரிந்தது ஒன்றுதானே. சீயக்காயைக் குழைத்து அப்பினார். பத்து நிமிஷம் ஊற விடலாம் என்று பக்கத்தில் தரையில் உட்கார்ந்தவர், சுவரில் சாய்ந்து தூங்கிப் போனார். கனவில் குண்டு எழுந்து நடந்து வந்து, இங்கிலீஷில் அவரிடம் ஐஸ்கிரீம் கேட்டது. வாங்கித் தரலாம் என்று பர்ஸைத் தேடிக்கொண்டிருக்கும்போது விழிப்பு வந்துவிட்டது. பத்து நிமிஷம் ஒரு மணி நேரமாகியிருந்தது.

கழுவித் துடைத்தால், அப்பளத்துக்குக் காவி நிறம் வந்திருந்தது. புள்ளி அப்படியே இருந்தது.

வேறு வழியில்லாமல் செவ்வாய்க்கிழமை ராமசுப்ரமணியனுக்கு ஆபீஸிலிருந்து போன் பண்ணினார். அவர் டாலஸில் ஒரு காலேஜில் கெமிஸ்ட்ரி வாத்தியார்.

"ராமு, ஒரு சந்தேகம். கல்லுல எண்ணெய் இறங்கிடுத்துன்னா எப்படி எடுக்கறது?"

"எந்தக் கல்லு?"

"சும்மா, ஒரு கல்லு. கிச்சன் கவுன்ட்டர்னு வெச்சுக்கோயேன்."

"பத்து போடு."

"என்னது?"

"தலைவலிக்குப் போட மாட்டோமா, அந்த மாதிரிப் பத்து. மாவைக் கெட்டியாக் குழைச்சு அப்பிடு. காய்ஞ்சா எண்ணெயை உறிஞ்சிண்டு வந்துடும். சயின்ஸ்டா."

"என்ன மாவு?"

"ஏதாவது மாவு. எனக்கு க்ளாஸுக்கு டயம் ஆச்சு, வெச்சுடறேன்."

ஏதாவது மாவு என்றார் அல்லவா, சுந்தரராமன் அலமாரியில் கைக்கு முதலில் அகப்பட்ட டப்பாவை எடுத்தார். மாவு வெளிர் மஞ்சளாகத்தான் இருந்தது. கடலை மாவு என்றால் மஞ்சளாகத்தானே இருக்கும்? தண்ணீர் விட்டுக் குழைத்து, குண்டுவின் கன்னம் முழுக்கத் தடிமனாகப் பத்துப் போட்டு முடித்தபோதுதான் கண் எரிந்தது. மூக்கில் ஏதோ ஏறியது. தும்மல் பிடித்துக்கொண்டது.

சனிக்கிழமை விருந்தாளிகளுக்கு பஜ்ஜி போடுவதற்காக, ஷ்யாமளா மிளகாய்ப் பொடியும் மஞ்சள் பொடியும் தாராளமாகக் கலந்து வைத்த மாவு அது.

பதறிப்போய் உரித்து எடுத்தார். ராமசுப்ரமணியன் சொன்னதில் தப்பில்லை, எண்ணெய் பாதிக்கு மேல் போயிருந்தது. காவியும் குறைந்திருந்தது. ஆனால் இத்தாலியின் பெருமைக்குரிய குண்டு ஒரு பக்கம் பளிச்சென்று மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி நின்றது. அந்த மஞ்சளுக்கு நடுவில் கறுப்புப் புள்ளி, முன்னைவிட எடுப்பாக.

சாயங்காலம் ஷ்யாமளா வந்தாள். குண்டுவைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"மஞ்சளா?" என்றாள்.

"அது... வந்து..."

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றாள். குரல் தழுதழுத்த மாதிரி இருந்தது. "மஞ்சள் கறை வெயில் பட்டாப் போயிடும். பால்கனில வையுங்கோ." அடுப்பைப் பார்க்கிற மாதிரி வேகமாக உள்ளே போய்விட்டாள்.

ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் சுந்தரராமனுக்குப் பயத்தைக் கொடுத்தது. தான் வைத்த புள்ளியால் வந்த வினை என்று அவளுக்கும் உறுத்துகிறது போலிருக்கிறது, அதனால்தான் பேச முடியவில்லை என்று தீர்மானித்துக்கொண்டார். பாவம், இருக்கட்டும். எப்படியாவது புள்ளியை எடுத்துவிட்டால் அவளுக்கும் தெரியாமல், ஹாலோவேக்கும் தெரியாமல், எல்லாம் கனவாகப் போய்விடும்.

புதன்கிழமை உடம்பு சரியில்லை என்று ஆபீஸுக்குச் சொல்லிவிட்டு, பலகையை உருட்டிக் குண்டுவை பால்கனியில் விட்டார். ஜூலை மாத டெக்சஸ் வெயில். முதலாளியின் சொத்து ஊர் கண்ணில் படக்கூடாதென்று ஒரு பழைய வேஷ்டியைச் சுற்றி, மஞ்சள் பட்ட இடம் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி ஒழுங்கு பண்ணினார். நடு நடுவே வந்து ஈரத் துணியால் ஒற்றினார். வெயிலில் ஊர் முழுக்க வெளுத்து, எதிர் வீடுகளும் மரங்களும் தண்ணீருக்கடியில் இருப்பதைப் போல மிதந்தன. மஞ்சள் மெல்ல மெல்ல, கண்ணுக்குத் தெரியாமல் பின்வாங்கியது. எண்ணெய் வட்டமும் கூடவே காய்ந்து போயிற்று. பால்கனிக் கதவில் சாய்ந்தபடி அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். க்ரீன் கார்டு, ஹாலோவே, வெள்ளிக்கிழமை திறப்பு விழா எல்லாம் எங்கேயோ தூரத்தில் போய்விட்டன. உலகத்தில் அவரும் குண்டுவும் வெயிலும்தான் பாக்கி.

கதவு தட்டிய சத்தத்தில்தான் பூமிக்கு வந்தார். திறந்தால், ஆறடிக்கு மேல் ஒரு போலீஸ்காரர்.

"ஐயா, இந்த வீட்டு பால்கனியில் கைக்குழந்தையைக் காலையிலிருந்து வெயிலில் விட்டிருப்பதாகப் புகார் வந்திருக்கிறது."

"குழந்தையா? எங்க வீட்டுல குழந்தையே கிடையாது, ஆபீஸர்."

"தலையில் முடி இல்லாத குழந்தை. மஞ்சள் காமாலை இருக்கலாம் என்று எதிர் வீட்டு அம்மாள் சொல்கிறார். வழி விடுங்கள்."

போலீஸ்காரர் நாலே எட்டில் பால்கனிக்குப் போனார். வேஷ்டியை விலக்கினார். விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார்.

"இது கல்."

"இத்தாலியக் கல்" என்றார் சுந்தரராமன்.

"இதை எதற்கு ஐயா ஈரத் துணியால் ஒற்றிக்கொண்டிருந்தீர்கள்?"

சுந்தரராமன் துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். போலீஸ்காரர் குனிந்து, கண்ணை இடுக்கி, கன்னத்தைப் பார்த்தார். "உண்ணி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது" என்று சொல்லி நகத்தால் சுரண்டினார். சுந்தரராமனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. புள்ளி நகரவில்லை. மயிலாப்பூர் மையிடம் டெக்சஸ் போலீஸும் தோற்றது.

போலீஸ்காரர் படியிறங்கிப் போகும்போதுதான் லைப்ரரியிலிருந்து ஷ்யாமளா வந்தாள். விஷயத்தைக் கேட்டாள். சிரிப்பாள் என்று சுந்தரராமன் எதிர்பார்த்தார். அவள் கைப்பையைக் கழற்றக்கூட மறந்துபோய் சோபாவில் உட்கார்ந்தாள்.

"எதிராத்து மாமி குழந்தைன்னா நெனைச்சா?"

"ஆமாம். போலீஸுக்கே போன் பண்ணிட்டா பாரேன், லூசு."

"லூசுன்னு சொல்லாதேங்கோ" என்றாள் ஷ்யாமளா. "நம்மாத்துல ஒரு குழந்தை இருக்குன்னு ஒரு நாள் பூரா ஒருத்தி நெனைச்சிண்டிருந்திருக்கா."

சுந்தரராமன் குண்டுவை உள்ளே உருட்டி வந்து, வேஷ்டியை அவிழ்த்து மடித்து வைத்தார். மஞ்சள் போயிருந்தது. எண்ணெய் போயிருந்தது. காவி போயிருந்தது. புள்ளி மட்டும் போகவில்லை.

வியாழக்கிழமை அவருக்கு ஞானோதயம் ஏற்பட்டது, டைப்பிஸ்ட் டெபியின் மேஜை முன்னால். அவள் தப்பாக அடித்த எழுத்தின்மேல் ஒரு குட்டிப் பாட்டிலிலிருந்து வெள்ளையாகத் தொட்டு வைத்தாள். ஊதினாள். தப்பு மாயமாகிவிட்டது.

அழிக்க முடியாததை மறைத்துவிட்டால் போயிற்று! இத்தனை நாள் இது தோன்றவில்லையே என்று தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக, அந்தப் பாட்டிலைக் கடன் வாங்கிக்கொண்டு லஞ்ச் நேரத்தில் வீட்டுக்கு ஓடினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு, குட்டி பிரஷால் ஒரே ஒரு தொடல். ஊதினார். இன்னொரு தொடல். நகத்தால் ஓரத்தைச் சமன் பண்ணினார். இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் புள்ளியும் இல்லை, பூச்சும் தெரியவில்லை. குண்டு வந்த நாளில் இருந்த குண்டுவாகவே இருந்தது.

பூச்சு காய்ந்ததும் கன்னத்தில் மெல்லத் தட்டினார். "நாளைக்குப் போயிடுவே, என்ன?" என்று கேட்டார். கேட்ட பிறகு கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன்பே லாபி ஏ.ஸி.யைச் சரி பார்க்க அவர் போய்விட்டார். காலையில் லாரி வந்து குண்டுவை ஏற்றிக்கொண்டு போயிற்று. வழியனுப்ப ஷ்யாமளா மட்டும்தான் வீட்டில். அவளும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பின்னாலேயே பஸ் பிடித்து விழாவுக்கு வந்துவிட்டாள்.

லாபி குளுகுளுவென்று இருந்தது. கண்ணாடிச் சுவர் வழியாக வந்த வெயில்கூட அங்கே நிலவாக மாறிவிட்டது. நடுவில் பீடத்தின்மேல், நீல வெல்வெட் துணிக்குள் குண்டு. கோட்டும் சூட்டுமாகக் கூட்டம். ஹாலோவே இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் துணியை இழுத்தார். எல்லாரும் கை தட்டினார்கள்.

சுந்தரராமன் கை தட்டவில்லை. குண்டுவின் கன்னத்தில், அதே இடத்தில், மிளகளவில், கறுப்புப் புள்ளி.

பூச்சு உதிர்ந்துவிட்டதா? லாரியில் உரசியதா? யோசிக்க நேரமில்லை. சிற்பி ஃப்ரசெத்தி பீடத்தை நெருங்கிவிட்டார். குள்ளமான கிழவர். கோட்டுப் பையிலெல்லாம் வெள்ளைத் தூசி. சிற்பத்தைச் சுற்றி மெல்ல வந்தவர், கன்னத்துக்கு நேரே நின்றார். குனிந்தார். மூக்கு படுகிற தூரத்தில் முகத்தை வைத்துப் புள்ளியையே பார்த்தார்.

போச்சு. க்ரீன் கார்டும் போச்சு, வேலையும் போச்சு. அடுத்த ப்ளேனில் மெட்ராஸ்.

கிழவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கையை ஆட்டி ஆட்டி இத்தாலி மொழியில் என்னவோ நீளமாகச் சொன்னார். அது தெரிந்த மிஸஸ் ஹாலோவே அதைக் கூட்டத்துக்கு இங்கிலீஷில் சொன்னார்.

"குவாரியில் இந்தக் கல்லைக் கழித்துப் போட்டிருந்தார்களாம். எல்லாம் வெள்ளையாக இருக்க, நடுவில் ஒரே ஒரு கறுப்புப் புள்ளி இருந்ததால். இவர் அந்தப் புள்ளிக்காகவே வாங்கினாராம். நான் செதுக்கியது கல்லை அல்ல, அந்தப் புள்ளி படுத்துக்கொள்ள ஒரு தலையணையைத்தான் என்கிறார். வழியில் அதற்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று தூக்கமே வரவில்லையாம். பத்திரமாகப் பார்த்துக்கொண்டவர் யார் என்று கேட்கிறார்."

ஹாலோவே சுந்தரராமனின் தோளில் கை போட்டு முன்னால் தள்ளினார். "இதோ, இவர்தான். சுந்தர், திங்கட்கிழமை காலை என் ரூமுக்கு வா. உன் க்ரீன் கார்டு வேலையை ஆரம்பித்துவிடலாம்."

மறுபடி கைதட்டல். சுந்தரராமனுக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்தக் குளிர்ந்த வெளிச்சத்தில் ஓரடி உயரத்தில் மிதந்தார். புள்ளி கல்லோடு பிறந்தது! சனிக்கிழமை ராமசுப்ரமணியன் சுற்றித் திருப்பியதில்தான் அது முன்பக்கம் வந்திருக்கிறது. அதைத்தான் ஒரு வாரம் தேய்த்துத் தேய்த்து மாய்ந்திருக்கிறார். நல்ல வேளை, அந்தப் பூச்சு லாரிக் குலுக்கலில் தானாக உதிர்ந்து மானத்தைக் காப்பாற்றியது. டெக்சஸ் ரோடுகள் வாழ்க. அதைவிடப் பெரிய விஷயம் இன்னொன்று. ஷ்யாமளா வைக்கவே இல்லை. பாவம், ஒன்றும் அறியாதவளை ஒரு வாரம் மனசுக்குள் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி வைத்திருந்தாரே!

மிதந்தபடியே வந்து மனைவியின் பக்கத்தில் நின்றார். அங்கே பீடத்தருகில் கிழவர் வலது கைக் கட்டைவிரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, தன் செல்லப் புள்ளியை ஒரு தரம் தடவிப் பார்க்கத் தயாராகிக்கொண்டிருந்தார்.

"ஷ்யாமு, என்னை மன்னிச்சுக்கோ" என்றார் சுந்தரராமன். "அந்தப் புள்ளியை நீதான் வெச்சேன்னு நெனைச்சுண்டு..."

ஷ்யாமளா அவர் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

"மன்னிப்பெல்லாம் அப்பறம் கேட்டுக்கலாம், மொதல்ல போய் அந்தத் தாத்தாவைத் தொட விடாம தடுங்கோ. நீங்க பாசமாக் குளிப்பாட்டிக் குளிப்பாட்டிக் குழந்தையோட மச்சத்தையே அழிச்சுட்டேளேன்னு, லாரி வரதுக்கு முன்னாடி நாந்தான் என் மையை எடுத்து அதே எடத்துல ஒண்ணு வெச்சு அனுப்பினேன்!"